அலுமாரிக்குப் பின்னால் வந்த காற்று

தேத்தண்ணித் தட்டைக் கையில் ஏந்தியபடியே ஜோக்கிம் படிக்கட்டின் நடுவில் நின்றுவிடுகிறார். தலைக்குமேல், மரத்தில் செதுக்கிய ரோசாப்பூக்கள் வரிசையாகப் போகின்றன. ஒரு பூவின் இதழ் கூர்; அடுத்ததன் இதழ் மழுங்கல். செதுக்கியவன் களைத்துப்போனானா, இல்லை, இது வேறொருவன் கையா? மேல்மாடியிலிருந்து வீட்டுச் சொந்தக்காரி சிஞ்ஞோரா அகாத்தா மணியை அடிக்கிறார். "வாறன், வாறன்" என்று தமிழிலேயே குரல் கொடுத்துவிட்டு, இன்னொரு தடவை அண்ணாந்து பார்த்த பிறகுதான் அடுத்த படியில் கால் வைப்பார். அதற்குள் தேத்தண்ணி ஆறிவிடும். ஆறிப்போனதுதான் தேத்தண்ணியின் இயல்பான சூடு என்று சிஞ்ஞோரா நினைக்கத் தொடங்கிப் பல வருடங்கள் ஆகின்றன.

"அதேன் அப்பிடி?" இதுதான் ஜோக்கிமின் வாயில் அதிகம் புழங்கும் சொல். ஞாயிறு பூசையில் எல்லோருடைய கண்ணும் பீடத்தில் இருக்க, அவருடைய கண் தூணும் வளைவும் சேரும் இடத்தில் இருக்கும். ஒருமுறை ஸ்ஃபெர்ராகவால்லோவில் உறவுக்காரர் வீட்டு முதல்நன்மை விருந்து. கடலோர உணவகத்தில் மேசை நிறையக் கணவாய்ப் பொரியல் வந்திறங்கியபோது ஆளைக் காணவில்லை. தேடிப்போனால் குசினிக்குள் சமையற்காரரோடு புகைபோக்கியைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தார். புகைக்குழாயை நேரே விடாமல் வளைத்து விட்டிருக்கிறார்களே, அதேன் அப்படி? சமையற்காரருக்கும் தெரியவில்லை. இதுவரை அதைப் பற்றி யோசித்ததே இல்லை என்பது அவருக்கே வெட்கமாகப் போய்விட்டது. இரண்டு பேரும் கூரைக்கு ஏறிவிட்டார்கள். "இந்த மனிசனோடை ஒரு நல்லது கெட்டதுக்குப் போகேலாது" என்று எமிலியானா, அவருடைய மனைவி, அன்று மேசையிலிருந்த எல்லோரிடமும் சொன்னாள்.

மன்னாரில் பேசாலை அவருடைய ஊர். வயது அறுபதை நெருங்குகிறது. நெடிய, மெலிந்த உடம்பு. கழுத்து எப்போதும் கொஞ்சம் பின்னுக்குச் சாய்ந்தே இருக்கும். இத்தாலியின் பலெர்மோ நகரத்துக்கு வந்த புதிதில் உணவகங்களில் கோப்பை கழுவினார். பிறகு ஒரு வயோதிபரை அவர் கண்மூடும்வரை பராமரித்தார். அதன்பிறகு, நகரம் முடிந்து சியாகுல்லியின் மந்தரின் தோடம்பழத் தோட்டங்கள் தொடங்கும் இடத்தில் நிற்கும் இந்தப் பெரிய வீட்டுக்கு வந்து சேர்ந்தார். தோட்டம், கேற், குழாய், கூரை ஒழுக்கு எல்லாம் அவர் பொறுப்பு. சமையலும் துணிமணியும் எமிலியானாவுடையவை. வீட்டின் கிழக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கும் சின்னக் கட்டடத்தில் அவர்களுக்கு இரண்டு அறையும் ஒரு குசினியும். அந்தக் கட்டடத்தின் யன்னல்கள் தேவாலய யன்னல்களைப்போல மேலே கூராகச் சேரும். "கோயிலுக்கை குடியிருக்கிறம்" என்று எமிலியானா தொலைபேசியில் சொந்தக்காரருக்குப் பெருமையாகச் சொல்வாள்.

வீட்டை அக்கம்பக்கத்தார் 'இங்லேசே', அதாவது ஆங்கில வீடு, என்பார்கள். வைன் வியாபாரத்தில் பணம் சேர்த்த ஹார்ட்வெல் என்ற ஆங்கிலேயர், தன் நாட்டுக் கிராமப்புறத்தில் பெரிய குடும்பங்கள் வாழும் மாளிகைகளைப்போல ஒன்று தனக்கும் வேண்டுமென்று இருநூறு வருடங்களுக்கு முன் இதைக் கட்டினாராம். அங்கே எப்படியோ அப்படியேதான் இங்கேயும். பனி வழுக்கி விழுவதற்கென்று செங்குத்தாகச் சரித்த கூரை. பலெர்மோவில் பனி எங்கே? அறைக்கு அறை நெருப்பு மூட்டிக் குளிர்காயும் கணப்புகள். கிடைக்கிற கொஞ்ச வெயிலையும் உள்ளே வாங்குவதற்காக, தெற்குச் சுவரில் வெளியே வயிறு தள்ளிக்கொண்டு நிற்கும் கண்ணாடி யன்னல்கள். இங்கே வைகாசி பிறந்ததும் அந்த யன்னல்கள் எல்லாவற்றுக்கும் மரக்கதவு போட்டு இறுக்கிச் சாத்திவிடவேண்டும். இல்லாவிட்டால் தளபாடத்தின் நிறமே வெளிறிவிடும்.

வந்த முதல் நாளே ஜோக்கிம் கணப்புகளைப் பார்த்துத் திகைத்தார். மனிதர் வெயிலில் வதங்கும் ஊரில் இத்தனை அடுப்பா? கருவாடு புகை போடத்தான் என்று முதலில் முடிவு கட்டினார். பிறகு, வீட்டுக்குள் எங்கேயோ ஆங்கிலேயர் பணப்பெட்டியை ஒளித்திருக்கிறார், புகைபோக்கிகள் ஆளை ஏமாற்றத்தான் என்று நினைத்தார். படிக்கட்டுக்குப் பக்கத்துச் சுவர் மட்டும் மற்றச் சுவர்களைவிட மூன்று மடங்கு தடிப்பு. அதற்குள்தான் பெட்டி என்று எமிலியானாவிடம் அடித்துச் சொன்னார். சுவர்க்கல்லில் ஓரிடத்தில் சாந்து உதிர்ந்து, உள்ளே கடற்சிப்பிகள் தெரிந்தன. கடலிலிருந்து இவ்வளவு தூரத்தில் சுவருக்குள் சிப்பி வருவானேன்? அந்தக் கேள்வியோடு அவர் ஒரு மாரிகாலம் முழுவதும் திரிந்தார்.

போன வருடம் வசந்தத்தில், மிலானிலிருந்து சிஞ்ஞோராவின் தமையன் மகன் வந்தான். கூரை ஒழுகுகிறது, சிஞ்ஞோராவிடம் திருத்த வழியில்லை. விடுதி நடத்துகிற ஒரு கம்பனி வீட்டை வாங்கத் தயாராக இருந்தது. கூரையைப் புதுப்பிப்பார்கள், சிஞ்ஞோரா உயிரோடு இருக்கும்வரை மேல்மாடியில் இருக்கலாம். ஒரேயொரு நிபந்தனை. கிழக்குப் பக்கத்துச் சின்னக் கட்டடத்தை இடித்து வாகனம் வந்துபோக வழிவிட வேண்டும்.

"அது ஹார்ட்வெல்லின் மனைவி செபம் செய்த சிற்றாலயம். என் பாட்டனார் இந்த வீட்டை வாங்கியதே அதற்காகத்தான். அதில் ஒரு கல்லைத் தொடவிடமாட்டேன்" என்றார் சிஞ்ஞோரா.

பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் அரச அலுவலகம் இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக ஒரு வழி சொன்னது. கட்டடக்கலை வரலாறு படித்த ஒருவர் வந்து பார்ப்பார். அந்தப் பகுதி ஆங்கிலேயர் கட்டியதுதான் என்றால் யாரும் கைவைக்க முடியாது. பின்னால் வந்தது என்றால் இடிக்கலாம்.

வந்தவர் ஜூசி என்ற பெண். நாற்பது வயதிருக்கும், கழுத்தில் அளவுநாடா, காலில் சேறுபடிந்த சப்பாத்து. எல்லோரும் அவரைத் தொத்தொரெஸ்ஸா என்று மரியாதையாக அழைத்தார்கள். அவர் அண்ணாந்து பார்த்துக்கொண்டே கூடத்துக்குள் நுழைந்ததைக் கண்டதும் ஜோக்கிம் தோட்டக் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டார்.

அன்றிலிருந்து ஜோக்கிம் ஜூசியின் பின்னால் நிழலைப்போலத் திரிந்தார். தன்னுடைய அரைகுறை இத்தாலிய மொழியில் இத்தனை வருடக் கேள்விகளையும் கொட்டினார். ஜூசி ஒன்றுக்கும் சலிக்கவில்லை. சிப்பி? இந்தக் கல்லே ஒரு காலத்தில் கடலடி மணல்தான். பகேரியாப் பக்கத்துக் கல் வெட்டும் குழிகளிலிருந்து வந்தது. தடித்த சுவர்? அது ஆங்கிலேயருக்கும் வெகுகாலம் முந்தியது. தோட்டத்துக்குக் காவலாக நின்ற கோபுரம். அதை இடிக்கிற செலவை மிச்சம் பிடித்து, அதைச் சுற்றியே அவர் தன் மாளிகையைப் போர்த்திவிட்டார். ஜூசி சுவரில் அடைபட்டுக் கிடந்த ஒரு ஒடுங்கிய துவாரத்தைக் காட்டினார். அம்பு எய்யவும் துவக்கு நீட்டவும் விட்ட கண்.

"அப்ப பணப்பெட்டி இல்லையோ?"

"இல்லை."

"அப்ப நான் இவ்வளவு காலமும் பிழையோ!" என்று ஜோக்கிம் தொடையில் தட்டிச் சிரித்தார். அரிய பரிசொன்று கிடைத்தவரின் முகம் அது. தான் பிழை என்று தெரியும்போது இப்படிச் சந்தோசப்படும் மனிதரைத் தான் பல்கலைக்கழகத்தில்கூடக் கண்டதில்லை என்று ஜூசி பின்னர் சிஞ்ஞோராவிடம் சொல்லியிருக்கிறார்.

கடைசியாக அவர்கள் கிழக்குப் பக்கத்துக் குசினிக்குள் வந்தார்கள். எமிலியானா அடுப்படியில் நின்றாள். ஜூசி யன்னல் வளைவுகளைக் கையால் தடவிப் பார்த்தார்.

"எனக்கு இவற்றில் நம்பிக்கை வரவில்லை" என்றார் கடைசியில். "எல்லாம் ஒரே அச்சில் வார்த்தமாதிரி இருக்கின்றன. கல்லுளி பிடித்த கை ஒன்றைப்போல இன்னொன்று செய்யாது. ஆனால் சுவரைத் துளைத்துப் பார்க்க சிஞ்ஞோரா சம்மதிக்கவில்லை. பார்க்காமல் நான் எழுத முடியாது. தெளிவில்லை என்றுதான் எழுதவேண்டும். தெளிவில்லை என்றால் உள்ளபடியே விட்டுவிடுவார்கள்." பிறகு ஜோக்கிமின் பக்கம் திரும்பினார். "நீங்கள் இங்கேதான் குடியிருக்கிறீர்கள். இந்தச் சுவரின் உட்புறத்தை எப்போதாவது பார்த்திருக்கிறீர்களா?"

அடுப்பில் அகப்பை சட்டியில் மோதிப் பெரிய சத்தம் கேட்டது. ஜோக்கிம் மனைவியின் முதுகைப் பார்த்தார். "நாளைக்குச் சொல்லுறன்" என்றார்.

அவர் பார்த்திருக்கிறார். சில வருடங்களுக்கு முன் ஈரம் ஊறி அறையின் மூலையில் சாந்து பெயர்ந்து விழுந்தபோது, உள்ளே கல் இருக்கவில்லை. துருப்பிடித்த இரும்புக் கம்பிகளும் கொங்கிறீற்றும் இருந்தன. கட்டட வேலைக்குப் போன எவருக்கும் தெரியும், ஹார்ட்வெல்லின் காலத்தில் அப்படி ஒருவரும் கட்டியதில்லை. எமிலியானா அந்த இடத்தை மறைத்து அலுமாரியை நகர்த்தி வைத்தாள். வேறொன்றும் இருந்தது. அந்த மூலையில், நிலத்தோடு ஒட்டிய ஒரு வெடிப்பிலிருந்து வெயில்காலத்தில் சில்லென்று காற்று வந்துகொண்டிருக்கும். ஆபிரிக்கப் பக்கமிருந்து ஷிரொக்கோ வீசி ஊரே அனல் கக்கும் நாட்களில், எமிலியானா தண்ணீர்ப் போத்தலை அந்த வெடிப்புக்குப் பக்கத்தில்தான் வைப்பாள்.

ஜூசி போனதும் எமிலியானா அடுப்பை அணைத்தாள்.

"உங்களுக்கென்ன விசரே? நீங்கள் வாய் திறந்தா அவ எழுதுவா. அவ எழுதினா இந்த அறையள் போகும். நாங்கள் எங்கை போறது?"

"பொய் சொல்லச் சொல்லுறியோ?"

"பொய் சொல்லச் சொல்லேல்லை. சும்மா இருக்கச் சொல்லுறன். சும்மா இருக்கிறதும் உங்களுக்கு ஏலாதோ?"

"அந்தக் காத்து எங்கையிருந்து வருதெண்டு அறிய உனக்கு விருப்பமில்லையோ?"

"இல்லை" என்றாள் எமிலியானா. "எனக்கு வீடுதான் விருப்பம்."

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. ஜோக்கிமுக்கு அது தெரியும். பலெர்மோவில் வாடகைக்கு வீடு தேடுவதென்றால் என்னவென்று அவர் அனுபவித்தவர். தொலைபேசியில் இவருடைய உச்சரிப்பைக் கேட்டதும் வீடு போய்விட்டது என்பார்கள். அடுத்த கிழமையும் அதே வீட்டின் கதவில் அதே அறிவிப்புத் தொங்கும். ஆகவே மறுநாள் அவர் உண்மையிலேயே சும்மா இருக்கப் பார்த்தார். ஜூசி வந்த நேரத்தில் தோட்டத்தின் அடுத்த கோடிக்குப் போய், ஏற்கெனவே வெட்டிய மந்தரின் மரங்களில் வெட்ட ஒரு கொப்பும் இல்லாமல் கத்தரிக்கோலைத் திறந்து திறந்து மூடினார்.

ஜூசி தன் சாமான்களைக் காரில் ஏற்றிவிட்டு விடைபெறத் தோட்டத்துக்கே வந்தார். அவர் அந்தக் கேள்வியை மறுபடி கேட்கவில்லை. எமிலியானாவின் அகப்பைச் சத்தம் அவருக்கும் விளங்கியிருக்க வேண்டும். கையை நீட்டிக் குலுக்கிவிட்டு, சின்ன யன்னல்களின் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

"தெரியாமலே போகிறேன். அதுதான் மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது" என்றார்.

மிரட்டியிருந்தால் ஜோக்கிம் மசிந்திருக்கமாட்டார். சட்டம் பேசியிருந்தாலும் தலையைச் சொறிந்துகொண்டு நின்றிருப்பார். இந்தப் பேச்சு அவரைப் பிடித்து உலுக்கிவிட்டது. தனக்கு இருக்கிற அதே வருத்தம் இன்னொருவருக்கும் இருக்கிறதே! கத்தரிக்கோலை மரத்தில் மாட்டினார்.

"வாங்கோ" என்றார்.

அலுமாரியை அவர் தனியாகத்தான் நகர்த்தினார். எமிலியானா உதவவில்லை, தடுக்கவுமில்லை. ஈரத்துணிகளை அள்ளிக்கொண்டு வெளியே போய்விட்டாள். ஜூசி முழந்தாளிட்டுக் கம்பிகளைத் தொட்டுப் பார்த்தார். "கொங்கிறீற்று. சிஞ்ஞோராவின் பாட்டனார் கட்டியிருக்கிறார். யன்னல்களை அச்சில் வார்த்து ஒட்டியிருக்கிறார்" என்று மெல்லச் சொன்னார். அப்போதுதான் வெடிப்பிலிருந்து வந்த காற்று அவருடைய நெற்றி மயிரை அசைத்தது. உள்ளங்கையை வெடிப்பின்மேல் வைத்தார்.

"இது எங்கிருந்து வருகிறது?"

"அதைத்தான் நானும் கேக்கிறன்" என்றார் ஜோக்கிம். இரண்டு பேரும் வெகுநேரம் அந்த மூலையிலேயே குந்தியிருந்தார்கள்.

எமிலியானா பயந்ததுபோலவே நடந்தது. இடிக்கலாம் என்று முடிவு வந்தது. சிஞ்ஞோரா மணியை அடித்தார், தேத்தண்ணியை வாங்கிக்கொண்டார், ஜோக்கிமின் முகத்தைப் பார்க்கவில்லை. ஒருநாள் மட்டும், "என் பாட்டனாரைப் பொய்யராக்கிவிட்டாய்" என்றார். "அவர் பொய்யர் இல்லை, சிஞ்ஞோரா. அவருக்கு இந்த வீடு அவ்வளவு பிடிச்சிருக்கு. இன்னும் கொஞ்சம் இருந்தா நல்லமெண்டு தானே கட்டிப்போட்டார்" என்றார் ஜோக்கிம். சிஞ்ஞோரா தேத்தண்ணியைக் குடித்து முடித்தார். கோப்பையைத் திருப்பிக் கொடுக்கும்போது, "அந்தக் காற்று நல்ல குளிரா?" என்று கேட்டார்.

இலையுதிர்காலத்தில் ஜோக்கிமும் எமிலியானாவும் நகரத்துக்குள் பலாரோச் சந்தைக்குப் பின்புறம், மின்தூக்கி இல்லாத ஒரு கட்டடத்தின் நாலாம் மாடிக்குக் குடிபோனார்கள். தேடித்தேடிக் களைத்த பிறகு, பங்குக் கோயிலுக்கு வரும் ஒருவர் சொல்லிக் கிடைத்த இடம். விடுதிக்காரர்கள் ஜோக்கிமை அரைநாள் தோட்டவேலைக்கு வைத்துக்கொண்டார்கள். எமிலியானா இப்போது மூன்று வீடுகளில் துப்புரவு வேலை செய்கிறாள். பஸ் மாறிப் போகவேண்டும். அவள் கணவரோடு கதைப்பதை நிறுத்திவிட்டாள். "சோறு ஆறுது" என்று சுவரைப் பார்த்துச் சொல்வாள். "குடை எடுக்காமல் போறவை நனையத்தான் வேணும்" என்று கதவைப் பார்த்துச் சொல்வாள். ஜோக்கிம் சோற்றைச் சாப்பிடுவார். குடையை எடுத்துக்கொள்வார். குற்றம் தன்மேல்தான் என்று அவருக்குத் தெரியும். ஆனால் திரும்ப அந்த நாள் வந்தாலும் அலுமாரியை நகர்த்தியிருப்பேன் என்பதும் அவருக்குத் தெரியும். இரண்டையும் வைத்துக்கொண்டு எப்படி மன்னிப்புக் கேட்பது என்றுதான் தெரியவில்லை.

இந்த வருடம் உயிர்ப்புப் பெருநாள் முடிந்த கிழமை ஜூசி தொலைபேசி எடுத்தார். அன்று சின்னக் கட்டடத்தில் மிஞ்சி நின்ற பின்சுவர் விழப்போகிறது. ஜோக்கிம் பெருநாளுக்கு வாங்கிய வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டார். வாசலில் எமிலியானா கைப்பையோடு நின்றாள். "எனக்கும் இண்டைக்கு வேலையில்லை" என்று படிக்கட்டுக் கம்பியைப் பார்த்துச் சொன்னாள்.

சிஞ்ஞோராவைக் கதிரையோடு தூக்கிவந்து தோட்டத்தில் இருத்தியிருந்தார்கள். கொங்கிறீற்றுச் சுவர் விழுந்து புழுதி அடங்கியதும், அதற்குப் பின்னால் ஆங்கிலேயரின் தேன்நிறக் கற்சுவர் வெயிலில் தெரிந்தது. அதன் அடியில், ஆள் குனிந்து போகக்கூடிய ஒரு வாசல். வாசலுக்குள், பாறையில் வெட்டிய படிகள் கீழே இறங்கின. அங்கே நின்ற எல்லோருடைய முகத்திலும் குளிர்காற்று அடித்தது.

ஜூசி முன்னே இறங்கினார்; ஜோக்கிம் அடுத்தது. அவருக்குப் பின்னால் இன்னொரு செருப்புச் சத்தமும் கேட்டது. கீழே பாறையைக் குடைந்து எடுத்த ஒரு வட்ட அறை. சுற்றிவரக் கல் ஆசனம். ஒரு மூலையில் மட்டும் நீலப் பூப்போட்ட ஆங்கில ஓடுகள் பதிக்கப்பட்டிருந்தன. நடுவே ஒடுங்கிய வாய்க்காலில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

"ஷிரொக்கோ அறை" என்றார் ஜூசி. அவருடைய குரல் பாறையில் பட்டுத் திரும்பி வந்தது. "அனல்காற்று வீசும் நாட்களில் இங்கத்தைய பிரபுக்கள் இப்படி நிலத்துக்குக் கீழே வந்து இருப்பார்கள். இது பழையது, கோபுரத்தின் காலத்ததாகவும் இருக்கலாம். ஹார்ட்வெல் இதற்குமேல்தான் தன் ஆங்கில வீட்டைக் கட்டியிருக்கிறார். வெயில் வந்ததும் அந்த வீட்டில் இருக்க முடியாமல் இதற்குள் வந்து ஒளிந்திருக்கிறார்."

ஜோக்கிம் ஓடுகளைத் தடவினார். வைன் பீப்பாய்களைக் கடத்தவென்று தோண்டிய சுரங்கத்திலிருந்துதான் அந்தக் காற்று வருகிறது என்று இத்தனை காலமும் நம்பியிருந்தவர் அவர். அதை ஜூசியிடம் சொல்லிவிட்டுத் தானே மூச்சுமுட்டச் சிரித்தார். பிறகு சிரிப்பு அடங்கிக் காலடியைப் பார்த்தார்.

"இந்தத் தண்ணி எங்கையிருந்து வருது?"

"தெரியாது" என்றார் ஜூசி. "பாறைக்குள்ளே வாய்க்கால் எங்கேயோ போகிறது. இனித்தான் ஆராய வேண்டும்."

அவர் சொல்லி முடிக்குமுன் ஜோக்கிம் வெள்ளைச் சட்டையோடு ஈரத் தரையில் குப்புறப் படுத்துவிட்டார். தொலைபேசியின் வெளிச்சத்தை முன்னே நீட்டிக்கொண்டு, தலையையும் தோளையும் வாய்க்கால் வரும் இருட்டுத் துவாரத்துக்குள் நுழைத்தார். பாறை பாசியில் வழுக்கியது. அவருடைய உடம்பு மெல்ல முன்னுக்குச் சரிந்தது. எமிலியானா கைப்பையைக் கல் ஆசனத்தில் வைத்தாள், முழந்தாளில் இருந்தாள், இரண்டு கைகளாலும் அவருடைய கணுக்கால்களை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.